சும்மா நிற்கும்போதே பற்றரியைக் குடிக்கும் இன்வேட்டர்: பெரைற் சோக்கால் எவ்வளவு மீட்கலாம்?

24 வோல்ற் இன்வேட்டர் ஒன்று, வீட்டில் ஒரு பல்பும் எரியாத நேரத்தில், பற்றரியிலிருந்து 2 அம்பியர் இழுக்கிறது என்று வைப்போம். 48 வற். ஒருநாளைக்கு 1.15 யூனிற். 100 அம்பியர்-மணி ஈயப் பற்றரி இரண்டைத் தொடரில் போட்டவருக்கு, பற்றரியைக் கெடுக்காமல் எடுக்கக்கூடிய பாதி இருப்பே 1.2 யூனிற்தான். நாளுக்கு 5 மணிநேர முழுவெயில் என்று கணக்குப் பார்த்தால், இழப்புகளையும் சேர்த்து, ஏறத்தாழ 300 வற் பனல் ஒன்று இந்த வெறும் ஓட்டத்துக்கே உழைக்கிறது. வைகாசி, ஆனியில் சோளகம் அடிக்கும் காலத்தில் வெயில் தாராளம். எவரும் இதைக் கவனிப்பதில்லை. கார்த்திகையில் மாரி மூடிக்கட்டிய பிறகுதான் "ஒண்டும் போடேல்லை அண்ணை, விடிய முதல் பற்றரி இறங்கிப்போச்சு" என்று வருவார்கள்.

2022 பங்குனியில் ஒருநாளைக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு வந்தபோது வன்னியில் பலர் அவசரத்துக்கு இன்வேட்டர் வாங்கினார்கள், கட்டுவித்தார்கள். வயல் காவல் கொட்டில்களிலும் கரையோர வாடிகளிலும் லைன் கரண்டே இல்லாத இடங்களில் அதே இன்வேட்டர்கள் இன்று இரவு பகலாக ஓடுகின்றன. பற்றரியே தடைப்பொருளாக இருந்த தொண்ணூறுகளில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட ஊர் இது. வற்றுக் கணக்கு பார்ப்பது இங்கே யாருக்கும் புதிதல்ல. ஆனால் இன்வேட்டர் தனக்கென்று எடுப்பதை அந்தக் கணக்கில் சேர்ப்பவர் குறைவு. அதில் ஒரு பங்கை மீட்பதுதான் பெரைற் சோக்கின் வேலை: பெரைற் என்ற காந்தக் கோரில் தடித்த கம்பியைச் சில சுற்றுச் சுற்றிய தூண்டற்சுருள் அது.

முதலில், எந்த இன்வேட்டருக்கு இந்த வேலை பொருந்தும் என்பதைச் சொல்லிவிட வேண்டும். தூக்கினால் கைகனக்கும் வகை: உள்ளே பெரிய ரான்ஸ்போமர், அதன் தடித்த (முதன்மை) சுற்றுக்கு முன்னால் மொஸ்பெற் எச்-பிறிட்ஜ், அதாவது பற்றரிக் கரண்டை முன்னும் பின்னுமாகத் திருப்பிவிடும் மின்சுவிற்ச் கூட்டம். அதிலும் ஈஜிஎஸ்002 போன்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையை வைத்து, வட்ட ரொறொய்ட் ரான்ஸ்போமரோடு கட்டியவையில்தான் சோக் அதிகம் மீட்டுத் தரும். கையில் இலேசாக இருக்கும் வகை முதலில் பற்றரி வோல்ற்றை 350க்குமேல் ஏற்றிவிட்டு அதை வெட்டித் தருவது. அதன் வெறும் ஓட்டத்துக்குக் காரணம் வேறு; அதற்குள் கை வைக்க வேண்டாம். சதுர அலை தரும் பழைய யூ.பி.எஸ் வகை 50 ஹேட்ஸிலேயே சுவிற்ச் பண்ணுவதால் சோக்குக்கு அங்கே வேலையில்லை. ஈ-ஐ தகட்டு ரான்ஸ்போமர் போட்ட சைன் அலை வீட்டு யூ.பி.எஸ்களில் ரான்ஸ்போமரின் கசிவுத் தூண்டலே (ஒரு சுற்றின் காந்தப்புலம் மற்றதை முழுதாகச் சேராததால் வரும் தூண்டல்) ஓரளவு சோக்காக நிற்கும். அங்கே ஆதாயம் கொஞ்சம்தான்.

ரொறொய்ட்டில் இந்தச் சிக்கல் வருவது அதன் நல்ல குணத்தாலேயே. இரண்டு சுற்றுகளும் ஒன்றன்மேல் ஒன்றாய் முழு வட்டமும் பரவிக் கிடப்பதால் கசிவு மிகக் குறைவு. முதன்மைப் பக்கத்திலிருந்து பார்த்தால் சில மைக்ரோஹென்றிதான். ஈஜிஎஸ்002 பலகையிலுள்ள ஈஜி8010 சிப் பிறிட்ஜை 23.4 கிலோஹேட்ஸில் வெட்டுகிறது. அந்த வெட்டுத் துடிப்பை மறிக்க வழியில் தூண்டல் இல்லையென்றால், ரான்ஸ்போமர் சுற்றுக்கும் மறுபுறக் கப்பாசிற்றருக்கும் இடையே பெரிய ரிப்பிள் கரண்ட் (வெட்டு வேகத்தில் ஏறியிறங்கும் கரண்ட்) போய்வரும். சுமை எதற்கும் அது உதவாது. கம்பியையும் மொஸ்பெற்றையும் சூடாக்குவதோடு சரி.

கணக்கு எளிது. ரிப்பிளின் உச்சிக்கு உச்சி அளவு, அது கூடுதலாக இருக்கும் நேரத்தில், பற்றரி வோல்ற்றை தூண்டலின் நான்கு மடங்காலும் சுவிற்சிங் வேகத்தாலும் பிரித்தால் வருவது. பற்றரி 26 வோல்ற், கசிவு 5 மைக்ரோஹென்றி என்றால் 56 அம்பியர். வழியில் இன்னும் 14 மைக்ரோஹென்றி சேர்த்தால் 15 அம்பியருக்குக் கீழே. கம்பியில் போகும் இழப்பு கரண்டின் வர்க்கத்தோடு ஓடுவதால், அந்தப் பங்கு ஏறத்தாழ பதினான்கில் ஒன்றாகிவிடும்.

ஆனால் சோக் சுற்ற உட்காரும் முன் அளவெடுக்க வேண்டும். இந்த வேலையில் பாதிப்பேர் சறுக்குவது இங்கேதான். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் கிளாம்ப் மீற்றர்கள் பெரும்பாலும் ஏ.சி மட்டுமே காட்டும், டி.சி காட்டுகிற கிளாம்ப் வேண்டும். இல்லையென்றால் சாதாரண மல்ரிமீற்றரின் 10 அம்பியர் குழியைப் பாவிக்கலாம், ஒரு நிபந்தனையோடு. இன்வேட்டருக்குள் இருக்கும் பெரிய கப்பாசிற்றர்கள் நிரம்பும்போது இழுக்கிற கரண்ட் மீற்றர் பியூஸை ஒரே அடியில் கொண்டுபோய்விடும். ஆகவே பற்றரியின் மறைப் பக்க வயரைக் கழற்றி, அந்த இடத்தில் மீற்றரையும், மீற்றருக்குக் குறுக்கே ஒரு தடித்த வயரையும் போடுங்கள். இன்வேட்டர் எழும்பி 230க்கு வந்து நின்ற பிறகு குறுக்கு வயரை மட்டும் எடுத்துவிட்டு வாசியுங்கள். மீற்றர் வழியில் இருக்கும்வரை சுமை எதுவும் போடக்கூடாது. அம்பியரைப் பற்றரி வோல்ற்றால் பெருக்கினால் வற். ரான்ஸ்போமர் வயரில் ஏ.சி கிளாம்பைக் கொழுவிப் பார்க்கும் அளவு இங்கே உதவாது. அதில் பெரும்பங்கு போய்வந்துகொண்டிருக்கும் கரண்ட். உண்மையில் செலவானது எவ்வளவென்று அது சொல்லாது.

அந்த மொத்தத்தை மூன்றாகப் பிரிக்க வேண்டும்.

முதலாவது பங்கு கட்டுப்பாட்டுப் பலகையும் மின்விசிறியும். ரான்ஸ்போமரின் தடித்த வயர் ஒன்றை பிறிட்ஜிலிருந்து கழற்றிவிட்டு இன்வேட்டரைப் போடுங்கள். வெளியீட்டு வோல்ற் வராததால் ஈஜி8010 சில செக்கனில் தானே நின்றுவிடும். அதற்குள் வாசித்துக்கொள்ள வேண்டும். இந்த அளவு 5, 6 வற்றைத் தாண்டினால் முதலில் மின்விசிறியைப் பாருங்கள். 12 வோல்ற், 0.3 அம்பியர் மின்விசிறியை 24 வோல்ற்றிலிருந்து 7812 (12 வோல்ற்றாக இறக்கும் சிப்) வழியாக ஓட்டினால் மின்விசிறி 3.6 வற்றும் 7812 அதேயளவும் தின்னும். ஹீற்சிங்கில் 45 பாகையில் மூடும் தேர்மல் சுவிற்ச் ஒன்றை ஒட்டி, மின்விசிறியை அதன் வழியாக விட்டால் இந்த 7 வற் அப்படியே மிச்சம். சோக்கைவிட இது சுலபமான வேலை. ரான்ஸ்போமர் கழற்றிய நிலையிலும் மொஸ்பெற் சுட்டால் மேல், கீழ் மொஸ்பெற்கள் ஒரு கணம் சேர்ந்து திறக்கின்றன என்று அர்த்தம். ஈஜிஎஸ்002 பலகையில் இறந்தநேரத்தை (ஒரு மொஸ்பெற் மூடி மற்றது திறக்குமுன் விடும் இடைவெளி) 300 நானோசெக்கனிலிருந்து 1.5 மைக்ரோசெக்கன் வரை மாற்ற ஜம்பர் உண்டு. பக்கத்துக்கு நான்கு, ஆறு என்று மொஸ்பெற்களைச் சமாந்தரமாகப் போட்டவர்கள் 300இல் விடக்கூடாது. 1 மைக்ரோசெக்கன் பொருத்தம். இதைச் சரிசெய்யாமல் சோக் போட்டுப் பயனில்லை.

இரண்டாவது பங்கு ரான்ஸ்போமர் இரும்பின் இழப்பு. பிறிட்ஜிலிருந்து முழுவதும் பிரித்து, தடித்த வயர் முனைகளை ஒன்றோடொன்று தொடாதபடி சுற்றிக்கட்டி, 230 பக்கத்துக்கு லைன் கரண்ட் கொடுங்கள். நேரே கொடுத்தால் ரொறொய்ட் முதல் இழுவையில் பிரேக்கரை விழுத்தும். 100 வற் இழைப் பல்பு ஒன்றைத் தொடரில் வைத்து எழுப்பிவிட்டு, பிறகு பல்பைக் குறுக்கே சுவிற்ச்சால் மூடலாம். பிளக்கில் செருகும் வற் மீற்றர் காட்டுவதுதான் இரும்பின் பங்கு. இதைச் சோக் குறைக்காது. மொத்தம் 30 வற் எடுக்கும் இன்வேட்டரில் இரும்பே 24 வற் என்று வந்தால் அந்த ரான்ஸ்போமருக்குச் சுற்றுக் காணாது. சோக்கில் காசையும் நேரத்தையும் போடாமல் ரான்ஸ்போமரை மாற்றுவதுதான் வழி.

மிச்சம் இருப்பது ரிப்பிளின் பங்கு. உதாரணமாக 48 வற்றில் பலகைக்கு 6, இரும்புக்கு 14 போனால் மீதி 28. சோக் போட்டபின் கணக்குப்படி அது 2 வற் ஆகவேண்டும். மொஸ்பெற் சுவிற்சிங் இழப்பு முழுவதும் போகாது என்பதால் 5 என்று எடுங்கள். மொத்தம் 25 வற். மீளும் 23 வற் ஒருநாளில் 550 வற்-மணி. 55 வற் சீலிங் பான் ஒன்று இரவு முழுக்கச் சுழல அது போதும்.

இனிச் சோக். "2000 வற் இன்வேட்டருக்கு 2000 வற்றையும் தாங்குகிற கோர் வேண்டும்" என்று நினைத்துத்தான் பலர் கைவிடுகிறார்கள். தேவையில்லை என்பது எங்கள் தீர்மானம். வெறும் ஓட்டமும் இரவின் சிறு சுமையுமே நீண்ட நேரம் ஓடுபவை. அந்த நேரத்தில் கோர் நிரம்பாமல் (காந்தம் தாங்கும் எல்லையைத் தொட்டு, சோக் வேலை செய்யாமல் போகாமல்) இருந்தால் போதும். தண்ணி மோட்டர் ஓடும் பத்து நிமிடம் கோர் நிரம்பினாலும், ரான்ஸ்போமரின் சொந்தக் கசிவு முன்புபோலவே நிற்கும். சோக் இல்லாத காலத்தில் இன்வேட்டர் எப்படி ஓடியதோ அப்படி ஓடும். கம்பி மட்டும் முழுச்சுமைக்கும் கணக்காக இருக்கவேண்டும்; அதில் விட்டுக்கொடுப்பில்லை.

கோர் தேட நல்ல இடம் செத்துப்போன இன்வேட்டர் வெல்டிங் மெஷின்கள். கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் வெல்டிங் பட்டறை இல்லாத சந்தி குறைவு, பழுதான மெஷின் இல்லாத பட்டறை அதைவிடக் குறைவு. அவற்றுள் ஈ65 அளவுப் பெரைற் சோடி கிடைக்கும்: நடுக்கால் 20 மில்லிமீற்றர் அகலம், 27 தடிப்பு, குறுக்குப்பரப்பு 540 சதுர மில்லிமீற்றர். இரண்டு சோடி வேண்டும். சில வெல்டிங் மெஷின்களில் ஈ வடிவத்துக்குப் பதில் நாடாவைச் சுற்றிய வளையக் கோர் இருக்கும். அதில் இடைவெளி விட முடியாது, சில அம்பியரிலேயே நிரம்பும், தள்ளிவிடுங்கள். பச்சை நிற வளையப் பெரைற்றில் மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு "போட்டும் மாறேல்லை" என்பவர்களின் கதையும் இதுதான். இடைவெளியில்லாத பெரைற் வெறும் ஓட்டத்தில் ஏதோ காட்டினாலும் ஒரு பான் போட்டதும் நிரம்பிவிடும். கணினிப் பவர் சப்ளையில் வரும் மஞ்சள்-வெள்ளை வளையம் பெரைற் அல்ல, இரும்புத் தூள், அளவும் காணாது. பெரைற் பீங்கான் மாதிரி, விழுந்தால் உடையும். உடைந்த துண்டு முழுதாக இருந்தால் சுப்பர் குளூ போட்டு ஒட்டிப் பாவிக்கலாம். எப்படியும் இடைவெளி விடத்தானே போகிறோம்.

24 வோல்ற், 1500 வற், ரான்ஸ்போமர் முதன்மை 16 வோல்ற் என்ற கணக்குக்கு: ஈ65 சோடி இரண்டைப் பக்கத்துக்குப் பக்கம் வைத்து ஒரே கோராக்குங்கள். நான்கு சுற்று. இடைவெளிக்குக் காலாவதியான ஏ.ரி.எம் அட்டை. அதன் தடிப்பு 0.76 மில்லிமீற்றர், எல்லா வங்கி அட்டையும் ஒன்றே. மூன்று கால்களிலும் ஒவ்வொரு துண்டு வைத்தால் காந்தப் பாதை அட்டையை இருமுறை கடக்கும். ஆக மொத்த இடைவெளி 1.52 மில்லிமீற்றர். இதற்கு வரும் தூண்டல் 14 மைக்ரோஹென்றி. பெரைற்றை 0.3 ரெஸ்லா வரை விடலாம் என்றால் நிரம்பல் தொடங்குவது 90 அம்பியர் உச்சத்தில், அதாவது ஏறத்தாழ 1000 வற் சுமையில். ஐந்து சுற்றுப் போட்டால் 22 மைக்ரோஹென்றி, ஆனால் 800 வற்றிலேயே நிரம்பும். கோரின் பரப்பைக் கூட்டினால் நிரம்பும் கரண்ட் மாறாமல் தூண்டல் மட்டும் கூடும். ஆகவே மூன்றாவது சோடி கிடைத்தால் சுற்றைக் கூட்டாமல் கோரைக் கூட்டுங்கள்.

1500 வற்றில் முதன்மைக் கரண்ட் 94 அம்பியர். 25 சதுர மில்லிமீற்றர் வெல்டிங் கேபிள் வெளிவிட்டம் 10 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். ஈ65இன் ஜன்னல் 12க்கு 44 என்பதால் நான்கு சுற்று ஒரே அடுக்கில் இறுக்கமாக உட்காரும். 35 கேபிள் உட்காராது. எனாமல் கம்பியால் சுற்றுவதானால் ஒற்றைத் தடித்த கம்பி வேண்டாம். 23.4 கிலோஹேட்ஸில் கரண்ட் செம்பின் மேற்பரப்பில் 0.43 மில்லிமீற்றர் ஆழத்துக்குத்தான் ஓடும். 0.8 மில்லிமீற்றர் கம்பி 50 இழையை முறுக்கிப் போட்டால் அதே 25 சதுர மில்லிமீற்றர். நுனிகளில் எனாமலை முழுக்கச் சுரண்டி ஈயம் பிடித்து, பிறகே லக் அடியுங்கள். சோக்குக் கம்பியின் தடை முழுவதும் 1 மில்லியோம்கூட வராது. சுத்தியலால் அடித்துவைத்த ஒரு லக் அதைத் தனியாகவே விஞ்சும். 94 அம்பியரில் ஒரு மில்லியோம் 9 வற் சூடு. சோக் சுடுகிறது என்று கொண்டுவந்தவற்றில் சுட்டது லக்தான்.

சோக்கைப் போடும் இடம் பிறிட்ஜுக்கும் முதன்மைச் சுற்றுக்கும் நடுவில், இரண்டு வயரில் ஒன்றில். ரிப்பிளுக்கு எந்த வயர் என்றாலும் ஒன்றுதான். இருந்தாலும் ஈஜி8010இல் பிறிட்ஜின் ஒரு பக்கம் 23.4 கிலோஹேட்ஸிலும் மறுபக்கம் 50 ஹேட்ஸிலும் சுவிற்ச் பண்ணுகிறது. வேகமான பக்கத்தில் போட்டால் ரான்ஸ்போமர் சுற்று அமைதியாக இருக்கும். மெதுவான பக்கத்தில் போட்டால் சுற்று முழுவதும் 23 கிலோஹேட்ஸில் துள்ளி, ரேடியோவில் இரைச்சல் வரும். ஹேட்ஸ் காட்டும் மீற்றரை மொஸ்பெற்றின் கேற் முனையில் வைத்தால் எது வேகம் என்று தெரிந்துவிடும்.

இரண்டு கோர் பாதிகளையும் நைலோன் ரையால் இறுக்கி, விளிம்பில் இப்பொக்சி தடவுங்கள். தளர்ந்திருந்தால் பாடும். அட்டை வைத்த வெளிக்கால்களிலிருந்து காந்தப்புலம் வெளியே வழியும். இன்வேட்டரின் இரும்புப் பெட்டிச் சுவர் அதற்குக் கிட்ட இருந்தால் சுவர் சுடும், முனகும். குறைந்தது 3 சென்ரிமீற்றர் தள்ளி, பலகை அல்லது பிளாஸ்ரிக் துண்டின்மேல் வையுங்கள்.

அடுத்தது 230 பக்கக் கப்பாசிற்றர். சோக்கும் இதுவும் சேர்ந்துதான் வடிகட்டி. 450 வோல்ற் ஏ.சி குறித்த மோட்டர் ஓட்டக் கப்பாசிற்றர்தான் வேண்டும்; ஹாட்வெயார் கடையில் கிடைக்கும் 2.5 மைக்ரோபரட் சீலிங் பான் கப்பாசிற்றர் போதும். ஒன்றில் தொடங்கி, டி.சி அம்பியரைப் பார்த்தபடி ஒவ்வொன்றாகச் சேருங்கள். ரான்ஸ்போமர் காந்தமாக்க எடுக்கும் கரண்டும் கப்பாசிற்றர் எடுக்கும் கரண்டும் எதிரெதிர்த் திசையில் இருப்பதால் முதலில் அம்பியர் கொஞ்சம் இறங்கும். ஓரளவுக்குமேல் சேர்த்தால் திரும்ப ஏறும். இரண்டு போட்டு 5 மைக்ரோபரட் ஆனால் 230 பக்கத்தில் 0.36 அம்பியர், முதன்மைப் பக்கத்தில் 5 அம்பியர் சும்மா போய்வரும். வடிகட்டியின் ஒத்ததிர்வு 1.1 கிலோஹேட்ஸ் அளவில் விழும். 50க்கும் 23,400க்கும் நடுவில், இரண்டுக்கும் எட்ட. சோக் இல்லாமல் கப்பாசிற்றரை மட்டும் பெரிதாக்குவது கெடுதல். ரிப்பிள் முழுவதும் அதற்குள் போய் அது வீங்கும். ஊரில் "கண்டென்சர் அடிக்கடி போகுது" என்ற இன்வேட்டர்களுக்கு இதுவே காரணமாக இருப்பதுண்டு.

வேலை தொடங்குமுன் பற்றரியைக் கழற்றி, உள்ளிருக்கும் பெரிய கப்பாசிற்றர்களை 24 வோல்ற் லொறி பல்பு ஒன்றால் இறக்குங்கள். முடித்துவிட்டு முதல்முறை போடும்போது அதே வகை 70 வற் ஹெட்லைற் பல்பை நேர்ப் பக்கத்தில் தொடரில் வையுங்கள். பல்பு ஒருமுறை மின்னி மங்கினால் சரி. முழுப் பிரகாசத்தில் நின்றால் எங்கோ சோட். மொஸ்பெற் எரியாமல் பல்பு காப்பாற்றியிருக்கிறது. பெட்டியை மூடும்போது துவாரங்களுக்குக் கொசுவலை அடியுங்கள். வன்னியில் இன்வேட்டர்களைக் கொல்வதில் இடிக்கு அடுத்த இடம் பல்லிக்கும் எறும்புக்கும்.

போட்டும் அம்பியர் இறங்கவில்லையென்றால், அட்டை மூன்று கால்களிலும் இருக்கிறதா, சுற்று எல்லாம் ஒரே திசையிலா என்று பாருங்கள். இரண்டு சோக்கைத் தொடரில் போட்டவர்கள் ஒரே கோரில் எதிர்த்திசையில் சுற்றி, ஒன்றை ஒன்று அழித்துவிடுவதும் நடக்கும். வெறும் ஓட்டத்தில் சோக் வெதுவெதுப்பாகக்கூட இருக்கக்கூடாது. இருந்தால் கம்பி அட்டை இடைவெளியோடு ஒட்டிக் கிடக்கிறது, அங்கே வழியும் புலம் செம்பைச் சுடுகிறது. கம்பிக்கும் நடுக்காலுக்கும் இடையே இரண்டு மில்லிமீற்றர் அட்டை சுற்றினால் குறையும். அதற்கு இடம் விட 16 சதுர மில்லிமீற்றர் கேபிளுக்கு இறங்கலாம், ஆனால் அப்போது 900 வற்றுக்கு மேல் நீண்டநேரம் ஓட்டாதீர்கள்.

48 வோல்ற் இன்வேட்டருக்கு இதே கோர், இதே அட்டை, எட்டுச் சுற்று. கரண்ட் பாதியாவதால் கேபிளும் பாதி. தூண்டல் 57 மைக்ரோஹென்றி வரும், நிரம்பும் சுமை அதே 1000 வற். 12 வோல்ற்றுக்கு, ரான்ஸ்போமர் முதன்மை 7.5 வோல்ற் என்று எடுத்தால், மூன்று சுற்று, 8 மைக்ரோஹென்றி, 640 வற்றில் நிரம்பும். 1000 வற்றுக்கு 130 அம்பியருக்கு மேல் ஓடுவதால் 35 கேபிள் வேண்டும். சுற்று மூன்றுதான் என்பதால் அது ஜன்னலுக்குள் சிரமப்பட்டு உட்காரும், வெளியுறை 12 மில்லிமீற்றரைத் தாண்டாத கேபிளாகப் பார்த்து வாங்கினால்.